கையொப்பத்தில் கணினி விவரம்: லினக்ஸில் அது தானாகப் புதுப்பிக்கப்பட என்ன செய்யலாம்?

கேள்வி: உபுண்டு 24.04-ல் தண்டர்பேர்ட் மெயில் நிரலைப் பயன்படுத்துகிறேன். மென்பொருள்களில் பிழை கண்டால் அதை உருவாக்கியவர்களுக்கு எழுதிப்போடுவது என் வழக்கம். அதனால் மின்னஞ்சல் கையொப்பத்தில் எந்த டிஸ்ட்ரோ (உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகை), எந்த கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு), கணினி எத்தனை நாளாக ஓடுகிறது என்று எழுதி வைத்திருக்கிறேன். கையால் தட்டியது என்பதால் ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் பழசாகிவிடுகிறது. தானாகவே மாறும்படி செய்ய முடியுமா? அனுப்பிய பிறகும் அந்த எண்கள் மாறிக்கொண்டே இருக்குமா?

பதில்: முதல் கேள்விக்கு, முடியும், எளிதுதான். இரண்டாவதற்கு முடியாது, அது நல்லதும்கூட. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். (கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்.)

தண்டர்பேர்டுக்குள் ஒரு கட்டளையை ஓடவிட்டு, அதன் விடையைக் கையொப்பமாகப் போட வசதி இல்லை. ஆனால் கையொப்பத்தை ஒரு கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் வசதி உண்டு. அக்கவுண்ட் செட்டிங்ஸில் உங்கள் கணக்கைத் தேர்ந்தெடுத்தால், கையொப்பப் பெட்டிக்குக் கீழே, கோப்பிலிருந்து இணைப்பதற்கான ஒரு டிக் பெட்டி இருக்கும். அதை டிக் செய்து கோப்பைக் காட்டிவிட்டால், புதிய மெயில் எழுதும் சன்னலைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் தண்டர்பேர்ட் அந்தக் கோப்பைப் புதிதாகப் படிக்கும். நமக்கு இது போதும். கோப்பை வேறு யாராவது பின்னணியில் மாற்றிக்கொண்டே இருந்தால் கையொப்பமும் மாறும். அந்த வேலையை ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்டும் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) க்ரானும் (குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் பின்னணி நிரல்) பார்த்துக்கொள்ளும்.

வேறு மெயில் நிரல்களில் இந்தச் சுற்று வழியே தேவையில்லை. கேமெயிலில் ஐடென்டிட்டியின் (அனுப்புநர் அடையாளம்) கையொப்பப் பகுதியில், எழுத்தை எங்கிருந்து எடுப்பது என்ற இடத்தில் கட்டளையின் விடை என்ற தேர்வு இருக்கிறது. க்ளாஸ் மெயிலிலும் அப்படியே. எவல்யூஷனில் கையொப்பப் பட்டியலில் ஸ்கிரிப்ட் சேர்க்கும் பொத்தான் உண்டு. ஸ்கிரிப்டுக்கு இயக்கும் அனுமதி கொடுத்திருக்க வேண்டும். டெர்மினல்காரர்களின் மட் நிரலில் இன்னும் எளிது: அமைப்புக் கோப்பில் கையொப்பத்துக்கான வரியில் ஸ்கிரிப்டின் பாதையை எழுதி, கடைசியில் ஒரு பைப் குறியை (|) போட்டால் போதும், அதைக் கோப்பாகக் கருதாமல் கட்டளையாக ஓட்டிவிடும். இவற்றில் எண்கள் மெயில் எழுதத் தொடங்கும் அந்த நொடியின் எண்கள். தண்டர்பேர்டில் கோப்பு கடைசியாக எழுதப்பட்ட நேரத்தின் எண்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதினால், கெர்னல் பதிப்பையும் நாள்கணக்கையும் பொறுத்தவரை இந்த வித்தியாசம் பொருட்டே இல்லை.

அப்படியும் மற்ற நிரல்காரர்களுக்கும் நான் கோப்பு வழியையே சொல்வேன். ஃப்ளாட்பேக் (நிரலைத் தனிக் கூண்டில் அடைத்துத் தரும் நிறுவல் முறை) வழியாக நிறுவிய மெயில் நிரல் ஸ்கிரிப்டைத் தன் கூண்டுக்குள் வைத்து ஓட்டினால், டிஸ்ட்ரோ பெயரைக் கேட்கும்போது உங்கள் கணினியின் பெயர் வராது. அந்த ஃப்ளாட்பேக்கின் அடித்தளமான ரன்டைமின் பெயர்தான் வரும். கெர்னல் எண் மட்டும் சரியாக இருக்கும், ஏனென்றால் கெர்னல் எல்லாருக்கும் பொது. பாதி சரி, பாதி தவறு என்ற இந்தக் கலவை பிழை தேடுகிறவரை நன்றாகவே திசைதிருப்பிவிடும். க்ரான் கூண்டுக்கு வெளியே ஓடுவதால் இந்தத் தொல்லை அதற்கு இல்லை.

இனி எந்தத் தகவலை எங்கிருந்து எடுப்பது என்று பார்ப்போம்.

டிஸ்ட்ரோவின் பெயர் ஈடிசி ஃபோல்டருக்குள் ஓஎஸ்-ரிலீஸ் என்ற கோப்பில் இருக்கிறது. இன்றைய டிஸ்ட்ரோக்கள் ஏறத்தாழ எல்லாவற்றிலும் உண்டு. ஷெல் நேராகப் படித்துக்கொள்ளும் வடிவத்தில்தான் அது எழுதப்பட்டிருக்கிறது. ஸ்கிரிப்டில் ஒரு புள்ளி, ஓர் இடைவெளி, அந்தக் கோப்பின் பாதை என்று ஒரு வரி எழுதினாலே உள்ளே இருப்பவை எல்லாம் மாறிகளாக வந்துவிடும். அவற்றில் ப்ரெட்டி-நேம் என்ற மாறி (பெரிய எழுத்தில், நடுவில் அடிக்கோடு) மனிதர் படிக்கத்தக்க முழுப் பெயரைத் தரும்.

கெர்னலுக்கு யூநேம் கட்டளை. அதோடு மைனஸ் ஆர் சேர்த்தால் பதிப்பு எண் வரும். இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். உபுண்டுவில் 6.8.0-45-ஜெனரிக் போன்ற ஒன்று வந்தால், ‘கெர்னல் 6.8’ என்று சுருக்கி எழுதிவிடக் கூடாது. பாதுகாப்புத் திருத்தங்கள் எல்லாம் 6.8 என்ற எண்ணை மாற்றாமலேயே உள்ளே சேர்க்கப்படுகின்றன. மாறுவது கோட்டுக்குப் பின்னால் வரும் எண்தான். பிழையை ஆராய்கிறவருக்கு வேண்டியதும் அதுவே. டெபியனில் இன்னும் ஒரு படி போக வேண்டும். டெபியன் 12-ல் மைனஸ் ஆர் கொடுத்தால் 6.1.0-18-ஏஎம்டி64 என்பதுபோல வரும். உண்மையில் உள்ளே ஓடுவது 6.1.76 ஆக இருக்கலாம். அந்த எண் வேண்டுமானால் மைனஸ் வி கொடுக்க வேண்டும்; அதில் டெபியன் என்ற சொல்லுக்குப் பின்னால் முழுப் பதிப்பும் தொகுத்த தேதியும் இருக்கும்.

எத்தனை நாளாக ஓடுகிறது என்பதற்கு அப்டைம் கட்டளை இருக்கிறது. மைனஸ் பி சேர்த்தால் நாள், மணி, நிமிடம் என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதித் தரும். தமிழில் வேண்டும் என்றால் நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம், கடினமில்லை. ப்ராக் என்ற ஃபோல்டருக்குள் அப்டைம் என்ற பெயரிலேயே ஒரு கோப்பு இருக்கிறது. வட்டில் எழுதி வைத்த கோப்பு அல்ல. திறக்கும்போதெல்லாம் கெர்னல் அந்த நேரத்தில் எழுதித் தருவது. உள்ளே இரண்டே எண்கள். முதலாவது, கணினி துவங்கி எத்தனை நொடி ஆயிற்று என்பது. இரண்டாவது, ப்ராசசர் சும்மா இருந்த நொடிகள். எல்லா கோர்களுக்கும் சேர்த்துக் கூட்டியது என்பதால் நான்கு கோர் கணினியில் இரண்டாவது எண் முதலாவதைவிடப் பெரிதாக இருக்கலாம். அதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

முதல் எண் 1055000.27 என்று வைத்துக்கொள்வோம். ஷெல்லுக்கு முழு எண் கணக்குதான் தெரியும், ஆகவே முதலில் புள்ளியிலிருந்து வலப்பக்கம் இருப்பதை வெட்டிவிட வேண்டும். மீதமுள்ள 1055000-ஐ 86400-ஆல் வகுத்தால் 12. அது நாள். மிச்சம் 18200, அதை 3600-ஆல் வகுத்தால் 5. அது மணி. நிமிடத்தை விட்டுவிடுங்கள், கையொப்பத்தில் அதற்கு வேலை இல்லை. மடிக்கணினிக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மூடி வைத்துத் தூங்கவிட்ட நேரமும் இந்தக் கணக்கில் சேரும். 12 நாள் என்றால் 12 நாளும் உழைத்தது என்று பொருளில்லை. கடைசியாக ரீபூட் செய்து 12 நாள் ஆகிறது என்று மட்டுமே பொருள்.

லோட் ஆவரேஜ் (ஓடும், காத்திருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கை), மெமரி, வட்டில் மிச்சமுள்ள இடம் இவற்றையும் சேர்க்கலாமா என்று அடுத்துத் தோன்றும். வேண்டாம் என்பது என் கருத்து. லோட் ஆவரேஜ் 4 என்று எழுதினால், கணினியில் எத்தனை கோர் என்று தெரியாதவருக்கு அந்த எண் எதையும் சொல்லாது. ஒற்றைக் கோர் கணினிக்கு அது திணறல், எட்டுக் கோர் கணினிக்கு அது பாதி வேலை. போதாததற்கு, லினக்ஸில் அந்த எண்ணில் ப்ராசசருக்காகக் காத்திருப்பவை மட்டுமின்றி வட்டுக்காகக் காத்திருக்கும் வேலைகளும் சேர்கின்றன. நிலையாக ஒன்றைச் சொல்லும் விவரங்களே கையொப்பத்துக்குப் பொருத்தம்.

ஆக, நம் ஸ்கிரிப்ட் எழுதித் தரும் கையொப்பம் இப்படி இருக்கும்:

உங்கள் பெயர்
உபுண்டு 24.04 எல்டிஎஸ் | கெர்னல் 6.8.0-45-ஜெனரிக்
கடைசி ரீபூட்: 12 நாள் 5 மணி முன்பு

மூன்று வரி. இதற்கு மேல் போக வேண்டாம். 1995-ல் வெளியான ஆர்எஃப்சி 1855 என்ற இணைய நாகரிகக் குறிப்பே கையொப்பம் நான்கு வரியைத் தாண்டக் கூடாது என்கிறது. மோடத்தில் நிமிடத்துக்குக் காசு கொடுத்த காலத்தில் வந்த விதி. இப்போது காசு போகாது, படிக்கிறவரின் பொறுமைதான் போகும்.

கையொப்பத்துக்கு மேலே ஒரு பிரிப்புக் கோடு வரும்: இரண்டு ஹைஃபன், பிறகு ஓர் இடைவெளி, அத்தோடு வரி முடிவு. அந்தக் கடைசி இடைவெளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதுதான் முக்கியம். அது இருந்தால்தான் பதில் எழுதுகிறவரின் மெயில் நிரல் அதற்குக் கீழே இருப்பது கையொப்பம் என்று அறிந்து மேற்கோளில் சேர்க்காமல் விடும். தண்டர்பேர்ட், மட் ஆகிய இரு நிரல்களும் இந்தக் கோட்டைத் தாங்களே போட்டுக்கொள்ளும், ஆகவே உங்கள் ஸ்கிரிப்டில் அதை எழுதத் தேவையில்லை. வேறு நிரலுக்காக நீங்களே எழுதினால், உங்கள் எடிட்டர் வரிக் கடைசி இடைவெளிகளைச் சேமிக்கும்போது துடைத்துவிடுகிறதா என்று பாருங்கள். நிரல் எழுதுவோரின் எடிட்டர்கள் பலவற்றில் அந்த அமைப்பு இருக்கும். கோடு மட்டும் மிஞ்சி, இடைவெளி போய்விடும்.

அடுத்தது கோப்பை எழுதும் முறை. ஸ்கிரிப்டில் எல்லாரும் செய்வது, விடையைப் பெரிது குறியால் (>) நேராகக் கையொப்பக் கோப்புக்குள் திருப்பிவிடுவது. அப்படிச் செய்யும்போது ஷெல் முதலில் கோப்பைக் காலி செய்யும், பிறகுதான் எழுத்து வரும். நடுவில் இருக்கும் அந்த மிகச் சிறிய இடைவெளியில் நீங்கள் புதிய மெயில் சன்னலைத் திறந்துவிட்டால் காலியான கையொப்பம் வரும். அபூர்வம்தான், ஆனால் தவிர்ப்பதற்கு ஒரே ஒரு வரி கூடுதல். அதே ஃபோல்டரில் வேறு பெயரில் ஒரு தற்காலிகக் கோப்பை எழுதி முடியுங்கள். முடிந்ததும் எம்வி கட்டளையால் அதைக் கையொப்பக் கோப்பின் பெயருக்கு மாற்றுங்கள். பெயர் மாற்றம் ஒரே கணத்தில் நடப்பது. படிக்கிறவருக்குப் பழைய கோப்பு முழுதாகக் கிடைக்கும், அல்லது புதியது முழுதாகக் கிடைக்கும், அரைகுறை கிடைக்காது. தற்காலிகக் கோப்பை டிஎம்பி ஃபோல்டரில் வைக்காதீர்கள். பல கணினிகளில் அது தனிக் கோப்பு முறைமை. அங்கிருந்து நகர்த்தினால் நடப்பது பெயர் மாற்றம் அல்ல, நகலெடுப்பு.

பெயரிட்ட பைப் (கோப்பு போலத் தெரிந்தாலும் ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்கு எழுத்தைக் கடத்தும் குழாய்) ஒன்றை உருவாக்கி, யாராவது படிக்கும்போது மட்டும் விடை எழுதும் பழைய யுனிக்ஸ் உத்தி ஒன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கேட்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் எழுதுகிற பின்னணி நிரல் ஏதோ காரணத்தால் நின்றுபோனால், படிக்கிற மெயில் நிரல் எழுத்து வரும் வரை காத்துக்கொண்டே இருக்கும், எழுதும் சன்னல் உறைந்துவிடும். சாதாரணக் கோப்பில் அந்த ஆபத்து இல்லை. பின்னணி வேலை நின்றாலும் கொஞ்சம் பழைய கையொப்பம் வரும், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் உபுண்டு 24.04-க்கே உரிய ஒரு சிக்கல். இந்தப் பதிப்பில் தண்டர்பேர்ட் ஸ்னாப் (ஃப்ளாட்பேக் போன்ற இன்னொரு கூண்டு முறை) வடிவில் வருகிறது. ஸ்னாப் நிரல்கள் உங்கள் ஹோம் ஃபோல்டரைப் பார்க்கும். ஆனால் அதில் புள்ளியில் தொடங்கும் மறைவான கோப்புகளையும் ஃபோல்டர்களையும் பார்க்க முடியாது. லினக்ஸ் வழக்கப்படி கையொப்பக் கோப்பின் பெயரே புள்ளியோடு தொடங்கும் சிக்னேச்சர். அதைக் காட்டினால் தண்டர்பேர்ட் பிழைச் செய்தி எதுவும் தராமல் கையொப்பம் இல்லாமலே மெயிலைத் திறக்கலாம். ஸ்னாப்புக்குத் தெரியும் டிஎம்பி ஃபோல்டரும் உங்கள் டெர்மினலுக்குத் தெரியும் டிஎம்பியும் வேறு வேறு. எனவே ஹோமுக்குள் கையொப்பம் என்றே ஒரு சாதாரண ஃபோல்டர் உண்டாக்கி, அதில் டிஎக்ஸ்டி என்று முடியும் ஒரு கோப்பாக வையுங்கள். தமிழ்ப் பெயரில் ஃபோல்டர் இருந்தால் லினக்ஸுக்கு எந்தச் சிரமமும் இல்லை. ஃப்ளாட்பேக் தண்டர்பேர்ட் என்றால் எந்த ஃபோல்டர்களுக்கு அனுமதி இருக்கிறது என்பதை ஃப்ளாட்சீல் என்ற கருவியில் பார்த்துக்கொள்ளலாம்.

க்ரானில் பதிவது சுலபம். க்ரான்டேப் கட்டளையோடு மைனஸ் இ கொடுத்தால் எடிட்டர் திறக்கும். நட்சத்திரம், சாய்கோடு, 10 ஆகிய மூன்றையும் ஒட்டி எழுதுங்கள். பிறகு இடைவெளி விட்டு நான்கு நட்சத்திரங்கள். பிறகு ஸ்கிரிப்டின் முழுப் பாதை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும். டெர்மினலில் ஒழுங்காக ஓடிய ஸ்கிரிப்ட் க்ரானில் ஓடாமல் போனால் பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்றுதான். க்ரான் கட்டளைகளைத் தேடும் பாதைகள் மிகக் குறைவு. உங்கள் சொந்த பின் ஃபோல்டர் அதில் இருக்காது, முழுப் பாதை எழுத வேண்டும். அடுத்து, க்ரான்டேப் வரியில் சதவீதக் குறி வந்தால் க்ரான் அதை வரி முடிவாக எடுத்துக்கொள்ளும். டேட் கட்டளையின் வடிவங்கள் எல்லாம் சதவீதக் குறியில்தான் தொடங்குகின்றன, ஆகையால் கட்டளையை நேராகக் க்ரான்டேப்பில் எழுதினால் பாதியில் அறுந்துவிடும். அதைத் தனி ஸ்கிரிப்ட் கோப்பில் வைத்தால் இந்தப் பிரச்சினையே எழாது. மூன்றாவது, மொழி அமைப்பு. நீங்கள் எழுதிய தமிழ்ச் சொற்கள் யுடிஎஃப்-8-ல் இருந்தால் அப்படியே வரும். ஆனால் டேட் கட்டளை மாதப் பெயரை ஆங்கிலத்தில் தரலாம், ஏனென்றால் க்ரானுக்கு உங்கள் மொழித் தேர்வு தெரியாமல் போகலாம். தமிழில் மாதப் பெயர் வேண்டுமானால் தமிழ் மொழித் தொகுப்பை நிறுவிவிட்டு, ஸ்கிரிப்டின் தலைப்பில் எல்சி-டைம் மாறிக்குத் தமிழ் இந்தியா யுடிஎஃப்-8 மதிப்பைக் கொடுங்கள்.

சிஸ்டம்டி டைமர் (க்ரானைப் போலவே நேரம் பார்த்து ஓட்டும் வசதி) பழக்கமானவர்கள் அதையே பயன்படுத்தலாம். பயனர் டைமர் நீங்கள் லாகின் செய்திருக்கும்போது மட்டும் ஓடும். மெயில் எழுதுவதும் அப்போதுதான் என்பதால் குறையில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, இந்தக் கையொப்பம் யாருக்கெல்லாம் போக வேண்டும் என்பதைத்தான் நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பிழை அறிக்கையைப் படிக்கிறவருக்கு கெர்னல் பதிப்பு உதவி. வங்கிக்கும், வேலைக்கு விண்ணப்பிக்கும் இடத்துக்கும், உறவினர்களுக்கும் அது வெறும் இரைச்சல். தவறான கையில் கிடைத்தால் அது துப்பும்கூட. எப்படி என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். டர்ட்டி கவ் என்று பெயர் பெற்ற கெர்னல் ஓட்டை 2007-லிருந்து உள்ளே இருந்தது. 2016 அக்டோபரில்தான் வெளியில் தெரிந்து அடைக்கப்பட்டது. கணினிக்குள் சாதாரணப் பயனராக நுழைந்த ஒருவர் ரூட் (முழு நிர்வாகி) அதிகாரம் பெற அது வழிவிட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் ஒருவர் தம் சர்வர் 200 நாளாக ரீபூட் இல்லாமல் ஓடுகிறது என்று கையொப்பத்தில் பெருமையாகப் போட்டிருந்தால், திருத்தம் வந்த பிறகும் பழைய கெர்னலே ஓடுகிறது என்று ஊருக்குச் சொன்னதாகத்தான் ஆகும். புதிய கெர்னலை நிறுவினால் மட்டும் போதாது, ரீபூட் செய்தால்தான் அது நடைமுறைக்கு வரும். லைவ்பேட்ச் (ரீபூட் இல்லாமலே கெர்னலைத் திருத்தும் வசதி) வைத்திருப்பவர்கள் மட்டும் விதிவிலக்கு. நீண்ட அப்டைம் என்பது பெருமைக்குரியது என்ற பழைய எண்ணத்தைக் கைவிட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கணினியின் ஹோஸ்ட்நேம், உள் ஐபி முகவரி, உள்நுழையும் பெயர் இவை மூன்றும் கையொப்பத்தில் எக்காரணம் கொண்டும் வேண்டாம். அலுவலகக் கணினி என்றால் கெர்னல் வரியையும் நிர்வாகியிடம் கேட்ட பிறகே போடுங்கள்.

இதைச் சமாளிக்க தண்டர்பேர்டிலேயே வழி இருக்கிறது. அக்கவுண்ட் செட்டிங்ஸில் ஒரே கணக்குக்குள் பல ஐடென்டிட்டிகள் வைக்கலாம், ஒவ்வொன்றுக்கும் தனிக் கையொப்பம். பிழை அறிக்கைக்கென ஓர் ஐடென்டிட்டி உண்டாக்கி, அதற்கு மட்டும் இந்தக் கோப்பைக் காட்டுங்கள். மற்றவற்றுக்கு வெறும் பெயர் போதும். அனுப்புநர் பட்டியலில் ஐடென்டிட்டியை மாற்றினால் கையொப்பமும் கூடவே மாறும்.

உண்மையான பிழை அறிக்கைகளுக்குக் கையொப்பத்தைவிட நல்ல கருவிகளும் இருக்கின்றன. டெபியனின் ரிப்போர்ட்பக், அறிக்கையின் அடியில் கெர்னல், கட்டமைப்பு, மொழி அமைப்பு, தொடர்புடைய தொகுப்புகளின் பதிப்பு எல்லாவற்றையும் தானே சேர்க்கும். உபுண்டுவில் உபுண்டு-பக் அதைச் செய்யும். ஒருவருக்கு நேரடியாக எழுதும்போது வன்பொருள் விவரமும் தேவை என்றால் இங்க்ஸி என்ற கருவியை ஓட்டி விடையை மெயிலில் ஒட்டுங்கள். மைனஸ் இசட் கொடுத்தால் சீரியல் எண், மேக் முகவரி போன்றவற்றை அதுவே மறைத்துவிடும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. மெயிலில் கையொப்பம் என்பது மற்ற எழுத்துகளைப் போல எழுத்துதான். எழுதும் சன்னல் திறந்த கணத்தில் அது உறைந்துவிடும். ட்ராஃப்டாகச் சேமித்து நான்கு நாள் கழித்து அனுப்பினாலும் பழைய எண்ணே போகும். அப்படிப்பட்ட ட்ராஃப்டில் கையொப்பத்தை அழித்துவிட்டு, புதிய சன்னலில் வந்ததை ஒட்டிக்கொள்ளுங்கள். அனுப்பிய பிறகும் மாற வேண்டுமானால், எழுத்துக்குப் பதிலாக உங்கள் சர்வரிலிருந்து வரும் ஒரு படத்தை வைத்து, அந்தப் படத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இது நடைமுறையில் எடுபடாது. தண்டர்பேர்ட் வெளியிலிருந்து வரும் படங்களை, படிக்கிறவர் அனுமதிக்கும் வரை காட்டாது. ஜிமெயில் 2013-லிருந்து படங்களைத் தன் சர்வர் வழியாகவே எடுத்துக் கொடுக்கிறது. அதோடு, யார் எப்போது மெயிலைத் திறந்தார்கள் என்று வேவு பார்ப்பவர்கள் கையாள்வதும் இதே முறை என்பதால் பெறுகிறவர் உங்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடலாம். பிழை அறிக்கைக்கு வேண்டியதும் பிழை நடந்த அன்றைய கெர்னல்தானே தவிர இன்றையது அல்ல. ஆறு மாதம் கழித்து அந்த மெயிலைத் திறப்பவருக்கு உறைந்த எண்தான் பயன்படும்.

ஸ்கிரிப்ட் எழுதி முடித்ததும் முதலில் டெர்மினலில் ஒருமுறை ஓட்டி, கேட் கட்டளையால் கோப்பைத் திறந்து பாருங்கள். பிறகு பத்து நிமிடம் விட்டு எல்எஸ் மைனஸ் எல் கொடுத்து, கோப்பின் நேரம் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நகர்ந்திருந்தால் க்ரான் வேலை செய்கிறது. உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பி, அதற்குப் பதில் எழுதத் தொடங்குங்கள். மேற்கோளில் கையொப்ப வரிகள் வராமல் இருந்தால் பிரிப்புக் கோட்டின் இடைவெளியும் சரியாகப் போயிருக்கிறது.